மூன்றுக்கு மேல் போடாதவர்கள்

செவ்வாய்க்கிழமை. கடை திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. கம்பெனியின் வட்டார மேனேஜர் டொமினிக் ஃப்ரெய்ன் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, ஸ்பேட் பப்பைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் எழுதியதையெல்லாம் போனிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் பப்பை ஒன்பது வருஷமாக நடத்தும் கிளெனிஸ் டிரான்டர்.

"'பீர் வெதுவெதுப்பா இருந்தது. சொன்னதுக்கு, அப்படித்தான் இருக்கும்னு பதில் வந்தது. ரெண்டு நட்சத்திரம்.'"

"அப்படித்தான் இருக்கும்," என்றாள் கிளெனிஸ்.

"'உள்ள நுழைஞ்சதும் பேச்சு நின்னுபோச்சு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஒரு நாய் என் கோட்டு மேல ஏறிப் படுத்துக்கிச்சு. யாரும் எழுப்பல. ஒண்ணு.'"

"அது பிஷப் படுக்கிற இடம். அங்க கோட்ட வெச்சது அவன் தப்பு."

"'சாப்பிட என்ன இருக்குன்னு கேட்டேன். சிப்ஸ்னாங்க. வேற என்னன்னு கேட்டேன். வேற சிப்ஸ்னாங்க.'" ஃப்ரெய்ன் நிமிர்ந்தான். "இவரு மூணு போட்டிருக்காரு. ஏன்னு புரியல."

"வேற சிப்ஸ் பிடிச்சிருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. கெட்டவன் இல்லை, பன்னிரண்டு பப்புகளை மேய்க்கிறவனுக்குச் சிரிக்க நேரம் கிடையாது. விஷயத்துக்கு வந்தான். இதுவரை முப்பத்தொரு பேர் எழுதியிருக்கிறார்கள். சராசரி மூன்றரை. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குக் கம்பெனி எல்லாப் பப்புகளின் எண்ணையும் எடுக்கும். நான்குக்குக் கீழே இருந்தால் குத்தகை புதுப்பிக்கப்படாது. நடுச்சுவரை இடித்துச் சமையல்கட்டு வைத்து, சம்பளத்துக்கு ஆள் போட்டுச் சாப்பாட்டுக் கடையாக்கிவிடுவார்கள்.

"மாடி?" என்றாள் கிளெனிஸ்.

"அதுவும் சேத்துத்தான்."

மாடியில் இருந்த இரண்டு அறைகள்தான் அவள் வீடு. ஐம்பத்தெட்டு வயது. இடுப்பில் ஒரு அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. புருஷன் ஸ்பெயினில் வேறொருத்தியோடு இருந்தான். அவனைப் பற்றி யோசித்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது.

"தினமும் வர்றவங்க எத்தன பேரு கிளெனிஸ்?"

"பதினாலு."

"ஒருத்தர்கூட எழுதல, பாருங்க."

"அவங்க ஏன் தம்பி எழுதணும்? குறையிருந்தா என் மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்களே."

"எழுதச் சொல்லிக் கேளுங்க. ஓசி பீர் கொடுத்து வாங்காதீங்க, கண்டுபிடிச்சா தூக்கிடுவாங்க. சும்மா கேளுங்க."

சும்மா கேட்பதுதான் அவளுக்கு முடியாத காரியம். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பிளம்பர் ரோலண்ட் பீக் தானாக வந்து மூன்று வாரம் பீப்பாய்களை உருட்டி ஏற்றி இறக்கினான். அவள் நன்றி சொல்லவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. ஸ்டாஃபர்ட்ஷயரின் அந்த மேட்டு ஊரில் வாயைத் திறந்து உதவி கேட்பது, தெருவில் துணியில்லாமல் நிற்பதற்கு ஒரு படி மேல், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஆட்கள் சேர்ந்திருந்த நேரமாகப் பார்த்து, கிளாஸைத் துடைத்துக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்: "கம்பெனில கேக்கிறாங்க. எல்லாரும் இந்தக் கடையப் பத்தி நெட்ல ஒரு வரி எழுதுங்க. நட்சத்திரம் போடணும். வெள்ளிக்குள்ள."

ஏன் என்று சொல்லவில்லை. வீடு போகப்போகிறது என்பது பீர் ஊற்றும் மேஜையைத் தாண்டிச் சொல்லக்கூடிய சேதியாக அவளுக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை மதியம் அவர்கள் அதைப் பரீட்சை மாதிரி எடுத்துக்கொண்டார்கள். கிளெனிஸ் நிலவறையில் பீப்பாய் மாற்றிக்கொண்டிருந்தாள். திறந்திருந்த கதவு வழியாக மேலே நடந்த பேச்சு முழுதும் கேட்டது.

"வெரி குட்னு போட்டா என்ன?" இது ரோலண்ட்.

"யாரு எழுதினது, உன் மாமியாரா?" இது கிளெம் ஆடி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருஷமாக ஒரே ஸ்டூலில் உட்காருகிறவர். பிஷப் அவர் நாய்தான்.

"கிளெம், நீ எழுதினத படி." வின்னி சால்ட்டின் குரல். பதிவாளர் அலுவலகத்தில் பிறப்பு இறப்பு எழுதிய கை என்பதால் எல்லோருடைய எழுத்தையும் திருத்தும் உரிமை அவளுடையது.

"'முப்பத்தொரு வருஷமா வர்றேன். யாரும் தொந்தரவு பண்ணதில்ல. பீர் பரவால்ல.'"

"ரொம்ப உருகிட்டியே. 'பரவால்ல'ய எடுத்துரு."

"எடுத்தா பீரப் பத்தி ஒண்ணுமே இல்லாம போயிரும்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

கிளெனிஸ் பீப்பாயின் மேல் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மேலே போய்ச் சேர அவசரம் எதுவும் இருக்கவில்லை. பல மாதங்களில் முதல் தடவையாக அன்றிரவு மாத்திரை போடாமல் தூங்கினாள்.

வியாழக்கிழமை காலை பார்த்தால், மூன்று புள்ளி நான்கு.

பதினான்கு பேரும் எழுதியிருந்தார்கள். 'மோசமில்லை.' 'இதைவிட மோசமான இடங்களைப் பார்த்திருக்கிறேன்.' 'பக்கத்தில் இருக்கிறது.' 'இருக்கிறது இருக்கிறபடி.' ஒவ்வொன்றின் மேலும், பேசி வைத்ததுபோல், மூன்று நட்சத்திரம். மூன்றரையில் நின்றிருந்ததைத் தோள் கொடுத்துக் கீழே இறக்கியிருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு முதல் கிளாஸை நிரப்பும் முன்பே கேட்டாள். "பதினாலு பேரும் மூணா?"

"ஆமா," என்றாள் வின்னி, கொஞ்சம் பெருமையாகவே. "கலந்து பேசிட்டுத்தான் போட்டோம். ஆளுக்கொண்ணா இருந்தா அசிங்கம்ல."

"அஞ்சு வரைக்கும் இருக்கு, தெரியுமா உங்களுக்கு?"

"அஞ்சு போடுறவன்லாம் டூர் போறவன் கண்ணு," என்றான் ரோலண்ட். "கழுதையப் பாத்தாலும் அருமைம்பான். எங்கள அந்தக் கூட்டத்துல சேக்கிறியா?"

"அப்ப மூணுன்னா என்ன அர்த்தம்?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது என்ன கேள்வி என்பதுபோல் கிளெம் சொன்னார்: "மோசமில்லன்னு அர்த்தம். அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

கிளெனிஸுக்குக் கோபம் வந்தது. வந்தது தன் மேல்தான். அவளும் அந்த ஊர்க்காரி. அங்கே பிள்ளை பிறந்தாலும் மோசமில்லை. புற்றுநோய் இல்லை என்று டாக்டர் சொன்னாலும் மோசமில்லை. அதற்கு மேலே ஒரு வார்த்தை போட்டால், ஆள் எதையோ மறைக்கிறான், அல்லது கடன் கேட்கப் போகிறான் என்று பொருள். இந்தப் பதினான்கு பேரும் தங்களிடம் இருந்த மாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அந்த ஊர்ப் பேச்சு தெரியாது. அதை அவளாவது முன்கூட்டி யோசித்திருக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் சொன்னாள். நான்கு வேண்டும், நாளை மதியத்துக்குள், இல்லையென்றால் கடையும் போச்சு மாடியும் போச்சு. வரி வரியாக, சரக்கு வண்டி வரும் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னாள்.

வின்னி குறுக்கெழுத்துப் பேப்பரை மடித்து வைத்தாள்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன கழுத," என்றாள்.

"சொல்லிட்டேன்ல."

போன்கள் வெளியே வந்தன. முனகிக்கொண்டே ஐந்தாக மாற்றினார்கள். அன்றைக்கு வராதவர்களை வின்னி போனில் கூப்பிட்டு, திட்டி, மாற்ற வைத்தாள். அரை மணி நேரத்தில் ரோலண்ட் எண்ணைப் பார்த்தான்.

"மூணு புள்ளி ஒம்பது. யாரோ ஒருத்தர் மாத்தல."

யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. கிளெம் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளெம், அஞ்சு வேணாம்," என்றான் ரோலண்ட். "நீ நாலு போட்டாக்கூட நாலாயிடும். கணக்குப் பாத்துட்டேன்."

"என் கல்யாணத்துக்கு நான் ரெண்டு போட்டிருப்பேன்," என்றார் கிளெம். "ரிட்டயர் ஆன அன்னிக்கு ரெண்டரை. மூணு நான் வேற எதுக்கும் போட்டதில்ல. யோசிச்சுப் போட்டது அது."

"யாரு இல்லன்னா? இப்ப மாத்து."

"பேரு போட்டு எழுதியிருக்கேன். நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணுன்னா அப்புறம் என் வாய்க்கு என்ன மதிப்பு?"

"என் வீடு போகுது கிளெம்," என்றாள் கிளெனிஸ்.

"கேக்குது. அதுக்கு வருத்தப்படறேன். கம்பெனிக்காரன எங்கிட்ட அனுப்பு, மூணுன்னா என்னன்னு நான் சொல்றேன். என்னப் பொய் எழுதச் சொல்லாத."

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் களைப்பு இன்னும் கூடியது. ஒன்பது வருஷமாக இந்த மனுஷனின் நியாயத்துக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இடுப்பு வலித்தது. யோசிக்கும் முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது.

"வெளிய போ. உனக்கு இங்க தடை."

அந்த வார்த்தையை அவள் இரண்டே தடவை சொல்லியிருக்கிறாள்: ஸ்டூலைத் தூக்கி அடித்தவனுக்கு ஒரு தடவை, வேலைக்காரப் பெண்ணின் மேல் கை வைத்தவனுக்கு ஒரு தடவை. தடை விழுந்தவன் வாசற்படி தாண்டக் கூடாது. போட்டவளே எடுக்கும்வரை யாரும் பரிந்து பேசவும் கூடாது. அதனால் யாரும் பேசவில்லை. ஆனால் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள், கிளெமை இல்லை.

கிளெம் பாதிக் கிளாஸை அப்படியே வைத்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் மிச்சம் வைத்து யாரும் பார்த்ததில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டார். பிஷப்பை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குக் கிளெனிஸ் கதவைத் திறந்தபோது தூறிக்கொண்டிருந்தது. படிக்கு வெளியே, ஒரு அடி தள்ளி, கிளெம் நாயோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கோட்டின் தோள் முழுக்க நனைந்திருந்தது.

"நேத்து சாயங்காலம் கீழ்த்தெரு பப்புக்குப் போனேன்," என்றார். "உக்கார விட்டாங்க."

"அப்புறமென்ன?"

"பாட்டுப் போடறான்."

அவள் துடைப்பத்தை எடுத்து, குப்பையே இல்லாத படியைப் பெருக்கினாள். தடையை எடுத்துவிட்டு உள்ளே கூப்பிடலாம். எதுவும் கேட்காமல் கூப்பிடலாம். இந்த ஊரில் ஒரு மனுஷி செய்யக்கூடியது அதுதான். மூன்று புள்ளி ஒன்பதோடு மாடியைக் காலி செய்துவிட்டு, நிமிர்ந்த தலையோடு எங்கேயாவது ஒரு வாடகை அறையில் போய் உட்காரலாம்.

"நாலு போட்டா எடுப்பியா?" என்றார் கிளெம். அவளைப் பார்க்காமல், நாயைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமா."

அவள் அவ்வளவு சீக்கிரம் சொல்வாள் என்று அவர் நினைக்கவில்லை. ஒரு கணம் முகம் தூக்கிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, மழைக்கு ஒரு கையால் மறைத்து, மறு கையின் ஒற்றை விரலால் தட்டினார். போன் நனைந்து இரண்டு தடவை விரல் தப்பாகப் பட்டது. மூன்றாவதில் பட்டது. திரையைத் திருப்பிக் காட்டினார், டிக்கெட் காட்டுவதுபோல்.

"சரி, உள்ள வா."

பன்னிரண்டுக்கு ஃப்ரெய்ன் வந்தான். நான்கு புள்ளி பூஜ்யம். புதுக் குத்தகைத் தாள்களை விரித்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினான். ஐந்து வருஷம்.

"பாத்தீங்களா, கேட்டா கொடுக்கத்தானே செய்றாங்க," என்றான் சந்தோஷமாக. பேனா அவனுடையது, நன்றாக எழுதியது.

திங்கட்கிழமை மதியம் வழக்கம்போல் எல்லோரும் வந்தார்கள். கிளெம் தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிஷப் தன் இடத்தில் படுத்தது. கிளெனிஸ் ஊற்றி வைத்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள். வழக்கமாக அதற்கு ஒரு உறுமல் வரும்.

"ரொம்ப அருமையா இருக்கு கிளெனிஸ்," என்றார் கிளெம் மரியாதையாக. "ரொம்ப நன்றி."

யாரும் சிரிக்கவில்லை. வின்னி குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. செவ்வாயும் அருமை. புதனும் அருமை. வெளியூர்க்காரன் யாரோ ஒரு தடவை வந்து போகும் கடையில் பேசுவதுபோல், ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு நன்றி.

வியாழக்கிழமை பீப்பாய் அடிக்கு வந்திருந்தது. குழாயில் வண்டல் கலங்கி வந்தது. இதைக் கொட்டிவிட்டுப் புதுப் பீப்பாய் திறக்க வேண்டும். ஊரில் எந்தக் குடிகாரனும் இந்தக் கிளாஸைத் தொடாமல், "இதென்ன, குட்டைத் தண்ணியா" என்று திருப்பித் தள்ளுவான், அவளும் வாய்க்கு வாய் கொடுத்துக்கொண்டே மாற்றித் தருவாள். கிளெனிஸ் கொட்டவில்லை. கிளாஸை நிரப்பி, வெளிச்சத்தில் கலங்கல் நன்றாகத் தெரியும்படி, கிளெமின் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

கிளெம் கிளாஸைப் பார்த்தார். எடுத்துக் குடித்தார். கடைசி வாயில் வண்டல் நாக்கில் பட்டிருக்கும், முகம் அசையவில்லை. அடி வரைக்கும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, வெறும் கிளாஸை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"அருமை," என்றார்.