குமணன்சாவடி டோக்கன்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஆவடிக்குப் போகிற பேருந்து குமணன்சாவடியை விட்டு நகரவே மாட்டேன் என்றது. நின்றுகொண்டே மனசுக்குள் ஒரு தண்டவாளம் போட்டேன். குமணன்சாவடியிலிருந்து ஆவடிக்கு ஒரு குட்டி ரயில். அப்படி ஒன்று கிடையாது. மேப்பில் தேடிவிட்டு என்னைத் திட்டாதீர்கள். இல்லாத ரயிலுக்காக ஒருத்தி ஏங்க முடியுமா? முடியும். ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

2

முதல் ஆரம்பம்: ‘பனி மூடிய விடியலில் தூரத்து விசில்…’ சீ. இந்தப் பூந்தமல்லிப் பக்கத்தில் ஏது அவ்வளவு பனி? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘வேர்க்கடலை போட்ட நிலத்தில் பச்சையப்பன் தண்டவாளம் போட்டபோது ஊரே சிரித்தது.’ இது தேவலை. ஒரு இன்ஜின், இரண்டு பெட்டி. முதலில் செங்கலும் காய்கறி மூட்டையும் ஏற்றினார், பிறகு தொழிற்சாலைக்குப் போகிற ஆட்களை. மூட்டைகள் லாரிக்குப் போயின, ஆட்கள் பைக் வாங்கிவிட்டார்கள். பேரன் மோகன் பெட்டியைப் பிறந்தநாள் விழாவுக்கு வாடகைக்கு விட்டுப் பார்த்தான். சீட்டில் கேக் கறைதான் மிச்சம். இப்போது ரயிலை நிறுத்திவிட்டு, ஸ்டேஷன் இடத்தைக் கார் நிறுத்த வாடகைக்கு விடப் போகிறான். [அவனை வில்லனாக எழுதிப் பார்த்தேன். பாவமாக இருந்தது.]

3

கதை இவர்கள் இரண்டு பேருடையது. தேவிப்பிரியா, குமணன்சாவடி ஸ்டேஷன் மாஸ்டர். தினகரன், டிரைவர். தினமும் அவள் டோக்கன்* வளையத்தை நீட்டுவாள், அவன் வாங்கிக்கொண்டு வண்டியை எடுப்பான். வருஷக்கணக்காக இதேதான். [பேச வைக்க எவ்வளவோ முயன்றேன். அழுத்தக்காரர்கள், வாயே திறக்கவில்லை.]

* பிரம்பு வளையம், அதில் தொங்கும் பையில் ஒரு பித்தளை வில்லை. ஒற்றைப் பாதைக்கு ஒரே டோக்கன். அது கையில் இல்லாமல் டிரைவர் வண்டி ஓட்டக் கூடாது.

4

கடைசி நாள், கடைசி வண்டி. தினகரன் டோக்கன் வாங்காமலே கிளம்பிவிட்டான். கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. விதி விதிதான், நிறுத்தினான். [மறந்தானா, இல்லை வேண்டுமென்றே… எழுதுகிற எனக்கே தெரியவில்லை.]

தேவிப்பிரியா வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜல்லியில் நடந்து வந்தாள். முதல் பெட்டி ஜன்னலில், காலிக் கூடையோடு பூக்கார நாகம்மாள். ஆவடியில் இறங்கி சேக்காட்டுக்குப் போக வேண்டியவள்.

“இன்னா டிரைவரே, பந்தில குந்திகினு எலய மறந்தா மாதிரி.”

தேவிப்பிரியா வளையத்தை மேலே நீட்டினாள். அவன் பிடித்தான். அவள் விடவில்லை.

“நாளைக்கு எங்க போவீங்க?” என்று கேட்டாள்.

“ஒரகடத்துல ஒரு கம்பெனில கூப்ட்டுகிறாங்கோ. நீங்க?”

“அண்ணன் ஊட்டுக்கு. திருத்தணிக்கு வந்துடுன்னு சொல்லிகினே கீறாரு.”

“போயே ஆவணுமா?”

“போவணும்னு இல்ல.”

அவன் வளையத்தையே பார்த்தான்.

“யப்பா, சொல்றதுன்னா சொல்லித் தொல,” என்றாள் நாகம்மாள். “ஊட்ல போயி அடுப்பு பத்த வெக்கணும்.”

5

முடிவு ஒன்று: அவள் வளையத்தை விடுகிறாள், வண்டி போகிறது. இதை எழுதிவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவு இரண்டு: அவன் இன்ஜினை விட்டு இறங்கி அவளிடம்… இறங்க மாட்டானாம். நம்பி ஏறியவர்களை ஆவடியில் சேர்க்காமல் டிரைவர் பாதியில் இறங்குவதாவது?

முடிவு மூன்று: அவள் இன்ஜினில் ஏறிக்கொள்கிறாள். எனக்கு வேண்டியது இதுதான். ஆனால் அவன் ‘ஏறுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஏறுகிறவள் இல்லை அவள். அந்த ஒரு வார்த்தையை எத்தனை முறை எழுதினாலும் என் குரலாகத்தான் கேட்கிறது, அவன் குரல் வரவில்லை.

என்னால் முடியவில்லை. நீங்கள் இவ்வளவு நேரமாக நாகம்மாளுக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஜன்னலில் தலையை நீட்டி ‘சொல்லிவிடப்பா’ என்று நீங்கள் சொன்னால் அவனுக்குக் கேட்கும். இரண்டு பேர் கையும் இன்னும் வளையத்தில்தான் இருக்கிறது.