தாரியாலில் விழுந்த முக்காடு

தாரியால் இடுக்கில் மலைக்கும் தெரெக் ஆற்றுக்கும் நடுவே ஒரே ஒரு சாலைக்குத்தான் இடம். பாரசீகர், அரபியர், ஜார் மன்னனின் படை என்று ஆளாளுக்கு இதற்குப் பூட்டுப் போட்டுப் பார்த்தார்கள். நாற்பத்திரண்டாம் வருஷம் ஜெர்மன்காரன் வடக்கே வந்துவிட்டான் என்று, எங்கள் ராணுவமே பாறையைச் சரித்து வழியை அடைக்கக் கிளம்பியது. வெடிக்குத் துளை போட்ட சாலைக்கூலிகளில் நானும் ஒருத்தி.

என் புருஷன் ஷியோ, கூட்டுப்பண்ணையின் அறுநூறு ஆடுகளோடு வடக்குச் சமவெளியில் இருந்தார். பாறை விழுந்தால் அவர் ஜெர்மன்காரன் பக்கம் மாட்டிக்கொள்வார்.

நடுப்பகலில் வெடி. கேப்டன் ஸிமின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெடிப்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்தவன் பட்டாளத்தில் சேர்ந்திருந்த எங்கள் பக்கத்து வீட்டுத் தெமுரா. அப்போது வளைவுக்கு அப்பால் ஆட்டு மணி கேட்டது.

"ஐயா, என் வீட்டுக்காரர் வந்துட்டாருங்க! அரை மணி நேரம் பொறுங்க!"

"உத்தரவு பன்னெண்டு மணிக்கும்மா. தெமுரா, திருப்பு."

முக்காட்டை உருவி இருவருக்கும் நடுவே வீசினேன். எங்கள் மலையில் பெண்ணின் முக்காடு தரையில் விழுந்தால், உருவிய கத்தியும் உறைக்குள் போக வேண்டும்.

தெமுரா கையை எடுத்துவிட்டான். "மன்னிச்சிருங்க கேப்டன். மதினி முக்காட்டைக் கீழ போட்டுட்டாங்க. இனிமே என்னால ஆகாது."

"ஒரு துணிக்காகவா?"

ஸிமின் குனிந்து அதை எடுத்தான். மண்ணைத் தட்டி, அழகாக மடித்து, என் கையில் கொடுத்தான். பிறகு தானே கைப்பிடியைத் திருப்பினான். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

புழுதி அடங்கியபோது மணிச்சத்தம் இல்லை.

உத்தரவை மீறினான் என்று மாலையில் தெமுராவைச் சுடக் கூட்டிப்போனார்கள். வெறும் சட்டையோடு குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றான். முக்காட்டை அவன் கழுத்தில் சுற்றிவிட்டேன்.

"அழாதீங்க மதினி. அண்ணன் வந்ததும் என் பேருக்கு ஒரு கிடா வெட்டச் சொல்லுங்க. கெழட்டுக் கிடாவாப் பார்த்து வெட்டிறப் போறாரு."

ஜெர்மன்காரன் இடுக்குவரை வரவேயில்லை. ஒன்பதாம் நாள் ஷியோ மட்டும் மலைமேல் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். வெடித்தபோது அவர் இரண்டு கல் தொலைவில் இருந்தாராம். ஆடுகள் வெருண்டு ஓடிவிட்டனவாம். இந்தப் பாறைகளுக்குள் சத்தம் ஆளுக்கு வெகு முன்னால் ஓடிவரும். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்ததுதான், அன்றைக்கு மறந்துபோனேன். அரை மணி நேரம் கிடைத்திருந்தாலும் அத்தனை ஆடுகளோடு அவர் வந்திருக்க முடியாது. தெமுராவைக் கொன்றது என் மறதி.

வேறு முக்காடு எடுத்துக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. வாசலில் நின்ற என்னை ஷியோ ஏற இறங்கப் பார்த்தார்.

"தலையில துணி இல்லாம ஏன்டி நிக்கிற? முக்காடு எங்க?"

"தெமுரா கழுத்துல."

"அவன் கழுத்துலயா?" சிரித்துவிட்டார். "அந்தப் பய எங்க? கூப்பிடு."