ஏழாவது ரீடிங்

"மூணாம் நம்பர் பெட்டிய எடுத்து வையுங்க சார். ஜீனர் டையோடுக்கு நானே ரீடிங் எடுக்குறேன்."

கேட்டுவிட்டேன். இதை மட்டும் கேட்காதே என்று மூன்று வருடமாக எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. சீனியர்கள் சொன்னார்கள். பக்கத்து பெஞ்சு சண்முகப்பிரியா சொன்னாள். காலையில் பஸ் ஏறும்போது அம்மாகூடச் சொன்னாள்: "ரெக்கார்டுல கையெழுத்து வாங்கிக்கினு பேசாம வந்துடு. அந்தப் பொண்ணு பேச்ச எடுக்காத."

அந்தப் பொண்ணு வெண்மதி. ஆறு வருடத்துக்கு முன்னால் இதே துறையில், இதே தமிழ் மீடியத்தில், மூன்றாம் ஆண்டு இயற்பியல் படித்தவள். இதே எலக்ட்ரானிக்ஸ் லேபில், மூன்றாம் நம்பர் மேசையில் விழுந்து செத்தாள். வலிப்பு என்று எழுதிக் கொடுத்து உடம்பை அனுப்பினார்கள். அவள் தொட்டுக்கொண்டிருந்த பவர் சப்ளை பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

துறைத்தலைவர் சிவப்பிரகாசம் சார் நிமிரவில்லை. அவர் முன்னால் இருபத்திரண்டு ரெக்கார்டு நோட்டுகள். நாளைக்கு பிராக்டிகல் எக்ஸாம். அவர் கையெழுத்து இல்லாத ரெக்கார்டை எடுத்துக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிராக்டிகல் இல்லையென்றால் டிகிரி இல்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். அப்பா நெய்வேலி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை; பெர்மனென்ட் ஆகும் ஆகும் என்று பதினெட்டு வருடம் போய்விட்டது. என் டிகிரியாவது பெர்மனென்ட் என்று சொல்லிச் சிரிப்பார்.

"நாளைக்கு எக்ஸாமை வச்சிக்கிட்டு இன்னிக்கு ரீடிங் எடுக்க வந்துட்டியா? மூணு வருஷமா என்னம்மா பண்ணினே?"

"காப்பியடிச்சேன் சார். நீங்கதான் அடிக்கச் சொன்னீங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சார் இப்போது நிமிர்ந்தார்.

நான் பொய் சொல்லவில்லை. லேபில் எடுத்ததை எடுத்தபடி கிறுக்கி வைப்பது அப்சர்வேஷன் நோட்டு. அதை அழகாக எழுதினால் ரெக்கார்டு. எங்கள் லேபில் பாதிப் பெட்டிகள் ஓடாது, தமிழில் கையேடும் கிடையாது. அதனால் ஒரு பழைய அப்சர்வேஷன் நோட்டின் ஜெராக்ஸ் பேட்ச் பேட்சாகக் கை மாறி வந்தது. முதல் பக்கம் இல்லாத நோட்டு. பெயர் 'மாடல் நோட்டு'. அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

மூன்று வருடம் ஒருத்தியின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினால் என்ன ஆகும்? ஏழுக்கு நடுவில் சின்னக் கோடு போடும் பழக்கம் எனக்குக் கிடையாது. அவளுக்கு உண்டு. போன வருடம் ரேஷன் கடையில் போன் நம்பர் எழுதும்போது பார்த்தேன், என் ஏழுகளுக்கு நடுவில் கோடு. நான் போடவில்லை, கை போட்டது. அதற்கப்புறம் தனியாக உட்கார்ந்து எழுதும்போதெல்லாம் தோளுக்குப் பின்னால் யாரோ சரி பார்ப்பது மாதிரியே இருக்கும்.

லேபுக்குள் அது இன்னும் மோசம். மற்றப் பெட்டிகளில்கூட, இரும்பு மூடியில் புறங்கை பட்டால் மெல்ல எறும்பு ஓடுவது போல் இருக்கும். பெண்கள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, "வெண்மதி தொடுறாடி" என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஆனால் தனியாக யாரும் உள்ளே நிற்க மாட்டார்கள். பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும் பெட்டி, வயரே மாட்டாமல் முனகுவதைக் கேட்டதாகச் சத்தியம் செய்பவர்கள் உண்டு. நானும் ஒருமுறை கேட்டேன். மின்விசிறிச் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்குக் கரண்ட் இல்லை.

குவாண்டம் வகுப்பில் இதே சார்தான் சொன்னார்: பெட்டிக்குள் அடைத்த துகளுக்கு, சுவர் முடிவிலி உயரம் இல்லையென்றால், வெளியேயும் இருக்க வாய்ப்பு உண்டு, அந்த வாய்ப்பு ஒருபோதும் சுழியாகாது. சார்பியல் நடத்தும்போது சொன்னார்: எல்லோருக்கும் பொதுவான 'இப்போது' என்று ஒன்று இல்லை. மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் மூன்றாம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஓர் ஓரத்திலிருந்து பார்த்தால், அவள் இன்னும் ஒரு ரீடிங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நின்றுகொண்டிருப்பாள்.

"உக்காரு போ," என்றார் சார். "உன் ரெக்கார்டு சரியாத்தான் இருக்கு."

"சரியா இல்ல சார். ஏழாவது ரீடிங்கப் பாருங்க."

ரெக்கார்டை விரித்து அவர் முன்னால் வைத்தேன். ஜீனர் டையோடின் பின்னோக்குச் சார்பு அட்டவணை. 4.8, 5.0, 5.2, 5.3, 5.4, 5.5. ஏழாவது 5.61. பிறகு மூன்றும் 5.6.

"அதுக்கென்ன? முறிவு மின்னழுத்தம் அஞ்சு புள்ளி ஆறு. கரெக்டா வந்திருக்கு."

"வோல்ட்மீட்டரோட மீச்சிற்றளவு என்ன சார்?"

அட்டவணையின் மேல் குனிந்தார்.

"புள்ளி ஒண்ணு. ஒரு கோடு தாண்டினா அடுத்த கோடு. கண்ணச் சுருக்கிப் பார்த்தா பாதிக் கோட்டச் சொல்லலாம். அஞ்சு புள்ளி ஆறு ஒண்ணுன்னு அந்த மீட்டர்ல கடவுளாலயும் படிக்க முடியாது. அஞ்சு பேட்ச் எழுதியிருக்கோம். நீங்க அஞ்சு பேட்சுக்கும் டிக் போட்டிருக்கீங்க."

எனக்கும் மூன்று வருடம் கண்ணில் படவில்லை. போன வாரம்தான் பட்டது. வெண்மதியின் அப்பா வைத்திலிங்கம், குள்ளஞ்சாவடிப் பக்கம் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். உடம்பு வந்த அன்றைக்கு, "எம் பொண்ணுக்கு ஒரு நாளும் வலிப்பு வந்தது கெடையாதுங்க" என்று வருபவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கல்யாணத்துக்கு இடைஞ்சலாகும் என்று மறைத்திருக்கிறான் என்றார்கள். சொல்வதை நிறுத்திவிட்டார். இப்போது இளையவள் பிரபாவதியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி குடித்துவிட்டு எழுந்து போகிறார்கள். தெருமுனையிலேயே யாராவது காதில் போட்டுவிடுகிறார்கள்: வலிப்புக் குடும்பம். போன ஞாயிற்றுக்கிழமை நான்காவது தடவை. திங்கட்கிழமை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தமிழு, நீ சயின்ஸு படிக்கிறியே. எனக்கும் வலிப்பு வருமா? தண்ணி எடுக்கக் கெணத்தாண்ட போவவே பயமா கீது."

அன்று வீட்டுக்குப் போய் ஜெராக்ஸை எடுத்து விரித்தேன். பிரபாவதிக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். ஏழாவதில் நின்றேன்.

சார் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். இருபத்தொரு பேர் பார்க்கும்போது ஒரு தமிழ் மீடியம் பெண் மீச்சிற்றளவு கேட்டதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"கலைச்செல்வா! அந்த ஒரிஜினல் நோட்ட எடுத்துட்டு வா. இந்தம்மாவுக்கு ஜெராக்ஸ்ல நம்பிக்கை இல்லியாம். ஒரிஜினல்லயே அப்படித்தான் இருக்குன்னு காட்டிடுவோம்."

லேப் அட்டெண்டர் கலைச்செல்வன் அண்ணன் நகரவில்லை. கையில் துடைப்பான் குச்சி. "வேணாங்க சார்," என்றார்.

"எடுத்துட்டு வான்னேன்."

பீரோவின் மேல்தட்டிலிருந்து நோட்டு வந்தது. பழுப்பு அட்டை, ஓரத்தில் எலி கடித்திருந்தது; பெயர் இருக்கும் முதல் பக்கம் இதிலும் கிழிக்கப்பட்டிருந்தது. சார் வாங்கிப் பக்கத்தைப் புரட்டி, பார்க்காமலேயே என் பக்கம் திருப்பி விரலை வைத்தார். "படி. என்ன எழுதியிருக்கு?"

படித்தேன். 5.6 எழுதியிருந்தது. ஆறுக்குப் பக்கத்தில் இருந்தது ஒன்று என்ற எண் இல்லை. கோடு. ஆறின் வயிற்றிலிருந்து கிளம்பி, நேராகக் கீழே இறங்கி, காலியாக இருந்த எட்டாவது ஒன்பதாவது பத்தாவது கட்டங்களைக் கிழித்துக்கொண்டு, பக்கத்தின் அடி ஓரத்தைத் தாண்டிப் போயிருந்தது. மேலே அழுத்தி, கீழே போகப் போக மங்கலாக. ஜெராக்ஸ் கடை மிஷினில் மங்கலான பகுதி விழவில்லை. மேலே அழுத்தமாக இருந்த அரை அங்குலம் மட்டும் விழுந்திருக்கிறது. அதைத்தான் ஒன்று என்று படித்தோம். அவள் கை போன போக்கை எண்ணாக்கி, ஐந்து பேட்ச், மை தொட்டு அழகாக எழுதினோம்.

எட்டாவது ரீடிங் அவள் எடுக்கவே இல்லை. அந்த மூன்று 5.6-உம் பிறகு யாரோ ஜெராக்ஸில் இட்டுக்கட்டியது.

தாளில் விரலை வைத்தேன். பள்ளமாக இருந்தது. பக்கத்தைத் திருப்பினால் பின்புறம் தழும்பு மாதிரி புடைத்திருந்தது. விரல் அந்தப் பள்ளத்திலேயே கீழே இறங்கியது. புறங்கையில் எறும்பு ஓடியது. எந்தப் பெட்டியையும் நான் தொடவில்லை.

"வலிப்பு வந்தாலும் இப்படித்தான் கோடு போவும்," என்றார் சார். குரல் இறங்கியிருந்தது.

"பெட்டியில எர்த் இருந்துச்சா சார்?"

எர்த் என்பது கசிகிற கரண்டை நிலத்துக்குள் இறக்கும் வயர்; எங்கள் ஊர்ப் பேச்சில் அது கோணலாகிவிட்டது. ஃபிரிட்ஜைத் தொட்டுச் சுரீரென்றால் "எர்த் அடிக்குது" என்போம். எர்த் அடிக்காது. எர்த் இல்லாததுதான் அடிக்கும். நிலத்தைத் தோண்டித் தோண்டிக் கரண்ட் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற நெய்வேலியில், எங்கள் லேபின் பிளக் பாயின்ட்டில் எர்த்துக்கான மூன்றாவது ஓட்டைக்கு நிலத்தோடு தொடர்பில்லை.

"எல்லாப் பெட்டியும் கொஞ்சம் எர்த் அடிக்கத்தான்மா செய்யும். நான் ஆயிரம் தடவ தொட்டிருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகலியே?"

நான் அவர் காலைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். ரப்பர் அடி போட்ட கறுப்பு ஷூ. எங்கள் இருபத்திரண்டு பேரின் கால்களும் வெறுங்கால். நிலக்கரித் தூசி ஒட்டும் என்பதால் மாணவர்கள் செருப்பை வராந்தாவில் கழற்றிவிட்டுத்தான் லேபுக்குள் வர வேண்டும். துறை தொடங்கிய நாளிலிருந்து அப்படி. வராந்தா ரேக்கின் அடித்தட்டில் நீல வார் வைத்த ஹவாய் செருப்பு ஒரு ஜோடி கிடக்கும். யாரும் போடுவதும் இல்லை, எறிவதும் இல்லை. தூசி மட்டும் அதில் படிந்து நான் பார்த்ததே இல்லை.

"தரை ஈரமா இருந்துச்சுங்க சார்," என்றார் கலைச்செல்வன் அண்ணன். எங்களைப் பார்க்கவில்லை, குச்சியைப் பார்த்துச் சொன்னார். "அப்பதான் தொடச்சிட்டுப் போனேன். அந்தப் பொண்ணு, 'அண்ணே கால் வழுக்குது, செருப்பு போட்டுக்கவா'ன்னு கேட்டுச்சு. ரூல்ஸ் கெடையாதும்மான்னு நான்தான் சொன்னேன்."

"கலைச்செல்வா, வெளிய போ."

"ஆறு வருசமா நான்தாங்க சார் அந்தச் செருப்பத் தொடச்சிக்கினு கெடக்குறேன்."

மின்விசிறி ஓடியது. சண்முகப்பிரியா என் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள், "வந்துடுடி" என்று. சார் பேனாவின் மூடியைத் திறந்தார். மூடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவினார். பாவமாக இருந்தது, அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"அன்னிக்கு வலிப்புன்னு எழுதுன்னு மேல இருந்து சொன்னாங்க, எழுதினேன். இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டையர்டு ஆகப்போறவன்மா நான்." என் ரெக்கார்டை இழுத்து, சான்றிதழ்ப் பக்கத்தை விரித்தார். "கையெழுத்து போட்டுத் தர்றேன். முழு மார்க்கும் போடச் சொல்றேன். நோட்ட இங்க வச்சிட்டுப் போயிடு. உங்கப்பா கஷ்டம் எனக்குத் தெரியாதா?"

"வைத்திலிங்கத்தத் தெரியுமா சார்?"

பேனா தாளுக்கு மேலே நின்றது. போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

போன் வெளியே பையில் இருந்தது, லேபுக்குள் அனுமதி இல்லை. இருந்திருந்தாலும் போட்டோ உதவாது. அந்தப் பள்ளம் போட்டோவில் விழாது. பிரபாவதியின் விரல் அதில் இறங்க வேண்டும், என் விரல் இறங்கின மாதிரி. உன் அக்கா பேனாவைப் போடவில்லை, கடைசி எண்ணை எழுதி முடித்துவிட்டுத்தான் போனாள் என்று நான் சொல்ல வேண்டும். உனக்கு ஒன்றும் வராது, கிணற்றடிக்குப் போ என்றும்.

அம்மா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அப்பா எதுவும் சொல்ல மாட்டார், அதுதான் கஷ்டம்.

நோட்டை மூடி எடுத்துக்கொண்டேன். ரெக்கார்டு மேசையிலேயே விரிந்து கிடந்தது.

"தமிழ்மொழி! அது காலேஜ் சொத்து!"

"பேரே இல்லாத நோட்டு சார். யார் சொத்துன்னு எப்படிச் சொல்றீங்க?"

கலைச்செல்வன் அண்ணன் கதவிலிருந்து விலகி நின்றார். வராந்தாவில் என் செருப்பை மாட்டிக்கொண்டேன். மைன்ஸில் ஷிஃப்ட் சங்கு ஊதியது. வடலூர் போய் பஸ் மாறினால், வைத்திலிங்கம் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரத்துக்குப் போய்விடலாம். பின்னால் சார் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், என் பெயரை இல்லை, ரெக்கார்டு ரெக்கார்டு என்று. நான் படியிறங்கி நடந்தேன்.