இரண்டு வாக்கியத் தூரம்

மனிதன் காலால் நடப்பது, வண்டி கண்டுபிடிக்கப்படும்வரை செய்துகொண்ட ஒரு தற்காலிக ஏற்பாடு மட்டுமே என்று திருக்கழுக்குன்றம் டூ வீலர் மெக்கானிக் கண்ணாயிரம் தன் பட்டறை வாசலில் அறிவித்த அதே வாரத்தில், அவன் மனைவி தமிழ்ச்செல்வி பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாமல்லபுரத்துக்கு நடந்தே போய், அவன் ஒரு டீயை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் சேர்ந்துவிட்டாள். இரண்டுமே ஊரறிந்த விஷயங்கள். முதலாவதை ஊர் அவ்வளவாக நம்பவில்லை.

அறிவித்தபடியே வாழ்ந்தவன் கண்ணாயிரம் என்பதையும் சொல்லவேண்டும். எதிர்ச்சாரியில் இருக்கும் கடைக்குப் பரோட்டா வாங்கப் போவதென்றாலும் வண்டியை எடுப்பான். பௌர்ணமிக்கு ஊரே மலையைச் சுற்றிக் கிரிவலம் வரும்போது அவனும் வருவான். வண்டியில், பக்தியின் காரணமாக முதல் கியரில். யாராவது நடந்துபோவதைப் பார்த்தால் அவனுக்கு உண்மையாகவே இரக்கம் வரும். வண்டியை ஓரங்கட்டி, “இன்னா மச்சான், வண்டி பேஜாரா?” என்று விசாரிப்பான். இல்லை, சும்மாதான் நடக்கிறேன் என்று பதில் வந்தால், ஆஸ்பத்திரியில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

தமிழ்ச்செல்விக்கு மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் வேலை. படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அவள் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து கண்ணாயிரம்தான் கொண்டுபோய் விடுவான். அவள் பின்னால் உட்கார்ந்து ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாள். அவன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து “ஆங்?” என்பான். அவள் இன்னொரு தடவை சொல்வாள். அவன் இன்னொரு தடவை “ஆங்?” என்பான். இப்படியே மாமல்லபுரத்துக்கு முந்திய பூஞ்சேரி வந்துவிடும். அப்புறம் அவள் சொல்வதை விட்டுவிடுவாள். இந்த ஏற்பாடு பல வருடங்கள் எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடியது.

அவள் நடந்தே போன அந்த நாள் காலையில் பட்டறைக்கு ஒரு அவசர பஞ்சர் வந்தது. “தோ வந்துகினே கீறேன் தமிழு” என்று கண்ணாயிரம் சொல்லிச் சொல்லி, அவள் பொறுமை தீர்ந்துபோய், அதே ஓட்டலில் வேலைசெய்யும் சாராளோடு பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள். சாராள் தன் நாத்தனார் பெண்ணின் நிச்சயதார்த்தத்தில் நடந்த சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். கதையில் பிரியாணி அண்டாவைத் திறப்பதற்குள் எதிரே ஓட்டல் கேட் நின்றது. பூஞ்சேரிக் கூட்டுரோடு ஒரு வாசற்படி அளவுக்கு வந்துபோனதாகவும், பக்கிங்காம் கால்வாயைத் தெருச் சாக்கடையைத் தாண்டுவதுபோலத் தாண்டியதாகவும் சாராள் பின்னால் சொன்னாள். பேச்சு மும்முரத்தில் இரண்டு பேரும் அப்போது இதைக் கவனிக்கவில்லை. வேலைக்குச் சீக்கிரம் வந்ததற்காக மேற்பார்வையாளர் சந்தேகப்பட்டதுதான் மிச்சம்.

விஷயம் என்னவென்று ஊர் சில நாட்களிலேயே கண்டுபிடித்துவிட்டது. தமிழ்ச்செல்வியோடு பேசிக்கொண்டு நடந்தால் சாலை சுருங்கும். பேச்சு எவ்வளவு ருசியோ அவ்வளவு சுருங்கும். காதில் விழும் தூரத்தில் கூடவே நடப்பவர்களுக்கும் அது செல்லும். சம்பள உயர்வு, சர்க்கரை அளவு போன்ற பேச்சுகளுக்குச் சாலை அசைந்துகொடுக்காது. சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்திலிருந்து டேப்போடு இரண்டு பேர் வந்து அளந்தார்கள். அவர்களுக்குள் ஏதோ பிரமோஷன் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே சாலை சரியான நீளத்தில் இருப்பதாக எழுதிக்கொடுத்துவிட்டு பஸ்ஸில் போய்விட்டார்கள். அதோடு அரசுத் தரப்பில் வேலை முடிந்தது.

கண்ணாயிரத்துக்கு முதலில் வந்தது தொழில் பொறாமை. ஒரு திங்கட்கிழமை, புதிதாக ட்யூன் செய்த வண்டியில் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்வதென்று கிளம்பினான். பூஞ்சேரியில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றபோது ஓட்டலிலிருந்து போன் வந்தது. “டிபன் பாக்ஸ மறந்துட்டேன். வந்துகினு தான கீற, எத்துக்கினு வந்துடு” என்றாள். அவன் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தான்.

இரண்டாவது பொறாமை ஸ்டான்லியால் வந்தது. ஸ்டான்லி அந்த ஓட்டலில் காலை டிபன் போடும் சமையல்காரன். முன்வழுக்கை, முழுத் தொப்பை. அவனைப் பார்த்து ஒருவன் பொறாமைப்பட முடியும் என்று ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. அவன் நடக்க நேர்ந்ததற்குக் காரணமே கண்ணாயிரம்தான். ஸ்டான்லியின் ஸ்கூட்டர் பொங்கலிலிருந்து அவன் பட்டறையில் கிடந்தது. எப்போது கேட்டாலும் “நாளைக்கு ரெடி அண்ணாத்த” என்று பதில். போக்கில்லாமல் ஸ்டான்லி நடந்தான், தமிழ்ச்செல்வியோடு நடந்தான். அவர்கள் இருவரும் நடந்தால் தெருமுனைப் பால் பூத்தைத் தாண்டியதும் ஆள் இருக்கமாட்டார்கள். இரண்டே வாக்கியத்தில் மாமல்லபுரம் வந்துவிடுவதாக ஊரில் பேச்சு. சாராளுக்கே ஒரு நிச்சயதார்த்தம் முழுதாகத் தேவைப்பட்டது என்பதை நினைக்க நினைக்கக் கண்ணாயிரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

“அவன் இன்னா சொன்னான்?” என்றான் ஒருநாள் சாப்பிடும்போது.

“யாரு?”

“அதான், அந்த தோசக்காரன்.”

“சட்னில உப்பு ஏறிப்போச்சுன்னான்.”

“அதுக்கா மகாபலிபுரம் வந்துச்சு?”

“அத ரோட்டாண்ட போய்க் கேளு.”

மறுநாள் கண்ணாயிரம் ஊரில் யாரும் பார்த்திராத ஒரு காரியம் செய்தான். ஒரே பகலில் ஒரு வண்டியை ரெடி பண்ணினான். ஸ்டான்லியின் ஸ்கூட்டரைக் கழுவித் துடைத்து, டப்பு வாங்காமல் அவன் வீட்டிலேயே கொண்டுபோய் நிறுத்தினான். ஸ்டான்லிக்குக் கண் கலங்கிவிட்டது. “இதுக்கு ஏன் அண்ணாத்த அவசரம்? நடந்தாதான் நான் சீக்கிரம் போறேன்” என்று சொல்லி, அதன் சீட்டில் ஈரத் துண்டைக் காயப்போட்டான்.

வேறு வழி இல்லாமல் கண்ணாயிரம் மனைவியோடு நடந்தான். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. அவன் நடந்தது விசாரிப்பதற்காக. ஏன் சிரிச்ச, எப்ப சிரிச்ச, அவன் சிரிச்சானா, சாராள் ஏன் பின்னாடி வந்தா, முன்னாடி ஏன் வரல. முதல் கேள்விக்கே சாலை விறைத்தது. இரண்டாவதுக்கு நீண்டது. பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டவே காலை போய்விட்டது. அதற்கு அடுத்த சரோஜாக்கா வீட்டு வாசலில் இருவருக்கும் மதியச் சாப்பாட்டை இலைபோட்டு வைத்தார்கள். அவன் சத்தமாகக் கேட்டதால் காதில் விழுந்த தூரம் வரைக்கும் எல்லாமே மாட்டிக்கொண்டது. பால் வண்டியில் பால் திரிந்தது. பள்ளிக்கூட வேனில் குழந்தைகள் வீட்டுப்பாடத்தை முடித்து, மறுநாள் பாடத்தையும் படித்துவிட்டன. சாயங்காலம் இருவரும் பால் பூத்தைத் தொட்டபோது வார்டு கவுன்சிலர் ஹரிஹரன் கையெடுத்துக் கும்பிட்டார். “நைனா, சண்டைய வூட்ல வெச்சுக்க. ரோட்டுக்கு எடுத்தாராத. பப்ளிக் கீறாங்க.”

அடுத்த நாள், நடப்பது பொதுமக்களுக்கு இடைஞ்சல் என்று இப்போது நிரூபணமே ஆகிவிட்டதாகக் கண்ணாயிரம் பட்டறையில் சொன்னான். சொல்லிவிட்டு, அதற்கு மறுநாள் காலை பால் பூத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, செயினைப் பார்ப்பதுபோல் குந்திக்கொண்டான். தமிழ்ச்செல்வியும் ஸ்டான்லியும் வந்தார்கள். அந்த இரண்டு வாக்கியங்களையும் அவன் காதாரக் கேட்டான்.

“நேத்து எங்க வூட்டுக்காரரு இன்னா பண்ணாரு தெரியுமா?” என்றாள் அவள்.

“அப்புறம்?” என்றான் ஸ்டான்லி.

தெரு காலியாக இருந்தது. ஒரு நாய் மட்டும் அவர்கள் நின்ற இடத்தை மோந்து பார்த்தது.

கண்ணாயிரம் அன்று ஒரு போல்ட்டையும் சரியாக முடுக்கவில்லை. நேற்று தான் என்ன செய்தோம் என்று யோசித்தான். தின்றான், தூங்கினான், ஒரு கிளட்ச் கேபிள் மாற்றினான். அதில் மாமல்லபுரத்தை இழுத்துக்கொண்டு வருமளவுக்கு என்ன இருக்கிறது? சாராளைப் பிடித்துக் கேட்டான். அவள் சொல்ல வாயெடுத்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது. “ஐயோ அண்ணாத்த, அத அவ சொல்லி கேக்கணும்” என்று போய்விட்டாள். தன்னைப் பற்றிய ஒரு கதை தினமும் நடந்துகொண்டிருக்கிறது, அதை ஓட்டலில் தோசை சுடுகிறவன்வரை கேட்டாயிற்று, கேட்காதவன் தான் ஒருவன்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ராத்திரி அவளிடமே கேட்டுப்பார்த்தான். “குந்திக்கினு கேட்டா எனக்கு எங்க வருது? நடந்தாதான் வாய் வருது” என்று அவள் பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

அடுத்த நாள் காலை கண்ணாயிரம் மனைவிக்குப் பக்கத்தில் நடந்தான். கேட்டவர்களிடம் தன் வண்டி சர்வீஸில் இருப்பதாகச் சொன்னான். மெக்கானிக்கின் வண்டி யாரிடம் சர்வீஸில் இருக்கிறது என்று கேட்காத அளவுக்கு ஊரில் நாகரிகம் இருந்தது. ஸ்டான்லி எதிரே வந்தான், இருவரையும் பார்த்தான், வீட்டுக்குத் திரும்பிப்போய் ஸ்கூட்டர் மேலிருந்த துண்டை எடுத்தான். அன்றிலிருந்து அவன் ஸ்கூட்டரில்தான் போகிறான். அவனுக்கு அந்தச் சாலை இப்போது ரொம்ப நீளமாகத் தெரிவதாகக் கேள்வி.

தெரு பாதிவரைக்கும் செருப்புச் சத்தம்தான் கேட்டது. சாலையும் அதுபாட்டுக்குக் கிடந்தது. பிறகு தமிழ்ச்செல்வி நேரே பார்த்துக்கொண்டு, வேறு யாரிடமோ சொல்வதுபோல ஆரம்பித்தாள்.

“நேத்து எங்க வூட்டுக்காரரு இன்னா பண்ணாரு தெரியுமா?”

யாரிடமிருந்து திருடிய சொல் என்று தெரிந்தேதான் கண்ணாயிரம் அதைச் சொன்னான்.

“அப்புறம்?”

அவள் சொன்னாள். அவள் கதையில் வந்த வூட்டுக்காரன் பால் பூத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டு, கழற்றாத செயினை மாட்டினான். ஒரு தோசைக்காரனுக்குப் பயந்து இலவசமாக ஸ்கூட்டர் கழுவினான். தூக்கத்தில் “ஆங்? ஆங்?” என்று கேட்டான். அவனைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகம் போன போக்கைப் பார்த்து, கண்ணாயிரத்துக்கு ஸ்டான்லிமேல் இருந்த பொறாமை மொத்தமும் இறங்கி, அந்த வூட்டுக்காரன்மேல் ஏறிக்கொண்டது. அடுத்து அவன் என்ன செய்தான் என்று கேட்க வாயெடுத்தபோது ஓட்டல் கேட் வந்துவிட்டது. அவள் உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும்போது பேச ஆளில்லாததால், முழு நீளத்தையும் அவன் வெயிலில் தனியாக நடந்தான். சாயங்காலம் அவளைக் கூட்டிவர மறுபடியும் நடந்தான்.

அன்றிலிருந்து இது தினமும் நடக்கிறது. சிக்கல் ஒன்றுதான். கதை ருசிக்க ருசிக்கச் சாலை குறைகிறது, சாலை குறைவதால் எந்தக் கதையும் முடிவதில்லை. இதற்குக் கண்ணாயிரம் ஒரு வழி வைத்திருக்கிறான். கதை சூடுபிடித்து ஓட்டல் கேட் தலைகாட்டும் நேரத்தில், “இதுக்கு ஸ்டான்லி சிரிச்சானா?” என்று ஒன்று கேட்டுவைப்பான். கேட் பின்வாங்கி, பூஞ்சேரிக்கு அந்தப்பக்கம் போய் நிற்கும். தமிழ்ச்செல்வி அவனை ஒரு முறை முறைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருவாள். பள்ளிக்கூட வேன் டிரைவர் இதற்காகக் காலையில் கொஞ்சம் முன்னதாகவே வண்டியை எடுத்துவிடுகிறார்.