கையில் கட்டிய கனவு

கணவரின் சவப்பெட்டி மூடியைத் தூக்க நாலு பேர் வந்து நின்ற நேரத்தில்தான் அவள் மகளின் மணிக்கட்டைப் பார்த்தாள். கறுப்புக் கயிறு. காலையில் தலை வாரிவிட்டபோது அது இல்லை.

"யாரு கட்டினது?"

எட்டு வயதுப் பிள்ளை அத்தையைப் பார்த்தது.

நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். "நான்தான் கட்டினேன். பல்லு கொட்டுற மாதிரி கனவு வந்து, அடிச்சுப் பிடிச்சு ஓடிவந்து என் தம்பிக்குக் கட்டினேன். ஆஸ்பத்திரியில நீ அதை வெட்டிப் போட்டே. மறுநாள் காலையில அவன் போயிட்டான். நேத்தும் அதே கனவு. இந்தப் பிள்ளையையாவது விட்டு வை!"

அம்மாடி, துக்க வீட்டில் சொல்கிற பேச்சா இது! போதகர்கூட பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினார்.

வெட்டியது உண்மைதான். "அக்கா மனசு நோகுமேன்னு கட்டிக்கிட்டேன். என்னைப் பிடிச்சு வச்சிருக்கிறது கயிறா? எடுத்துடு" என்று கையை நீட்டியது அவர்தான். நர்ஸிடம் கத்தரி வாங்கி வெட்டினாள். அவர் போனதிலிருந்து, ஒருவேளை வெட்டாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு அவளைப் பிய்த்துத் தின்றது.

உள்ளே போய், எலக்ட்ரீஷியன் கணவரின் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துவந்தாள். பிடியில் அவர் சுற்றிய சிவப்பு டேப் பிசுபிசுத்தது.

"அண்ணி, கர்த்தர் கனவுல பேசுவாரு, இல்லைங்கல. வேதத்துல ஒரு அப்பாகிட்ட, பிள்ளையைத் தூக்கிட்டு ஓடுன்னு சொல்லியிருக்காரு. கயிறு கட்டுன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல."

"ஜெபம் பண்ணித்தானடி கட்டினேன்!"

"அந்த ஜெபம் போதும் அண்ணி."

"பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. பிளேயரோடு மகள் முன்னால் குனிந்தாள்.

"ஆச்சுன்னா கர்த்தர் காலைப் பிடிச்சு அழுவேன். கயித்துகிட்டப் போய் நிக்க மாட்டேன்."

மகள் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "அப்பா பயந்தாராம்மா?"

"இல்லடி. கையை நீட்டினாரு."

பிள்ளை கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தது. பிறகு கையை நீட்டியது.

டக்.

நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அவளைத் திட்ட வாய் வரவில்லை, தம்பியைப் பறிகொடுத்தவள். "வாங்க அண்ணி. மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க" என்று தோளைப் பிடித்து அழைத்துப்போனாள்.

கல்லறைத் தோட்டம்வரை நடந்தார்கள். வழியெல்லாம் அவள் மகளின் கையை விடவில்லை. கயிறு இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்திருந்தாள். அதற்கடியில் நாடி துடித்துக்கொண்டிருந்தது.