பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல்

செலீன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை மதியம் கடந்துவிட்டிருந்தது. திங்கள் தொடங்கிக் கிழமை முழுக்க மழை. ஷெல்பேர்னுக்கு அப்பால், கூட வேலைசெய்யும் டோனாவின் பண்ணைக் காட்டில், ஒரு மேப்பிள் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நனைந்ததுதான் மிச்சம். மான் ஒன்றும் கண்ணில் படவில்லை. தோள்மூட்டு வலித்தது. சப்பாத்துக்குள் இன்னும் ஈரம். குளித்துவிட்டுப் படுத்தால் ஞாயிறு பூசைக்குத்தான் எழும்பலாம் போலிருந்தது.

ஆனால் மான் சுடுகிற துவக்கும் நனைந்திருந்தது. அதை அப்படியே பெட்டிக்குள் வைத்தால் துருப்பிடித்துவிடும்.

"இப்பவே துடைக்கோணுமோ?" என்று கஸ்பர் கேட்டார். அவளுடைய கணவர். விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுகிற வேலை. காலைமுறை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார், முதுகுப் பட்டியைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"இப்பவே துடைக்கோணும்."

கஸ்பர் வழக்கமான ஆயத்தங்களைத் தொடங்கினார். முன்னறைத் திரையை இழுத்து மூடினார். தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தார். குசினி விசிறியைப் போட்டு, அடுப்பில் தாச்சியை வைத்து, எண்ணெய் கொதித்ததும் நாலு துண்டு கருவாட்டைப் போட்டார். குழலைக் கழுவுகிற மருந்துக்கு ஒரு நெடி உண்டு. வாழைப்பழம் அழுகிய மாதிரி, அதற்குள் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. அதை அமுக்கக்கூடியது உலகத்தில் கருவாடு ஒன்றுதான் என்பது கஸ்பரின் முடிவு.

ரெக்ஸ்டேலில் அவர்கள் இருந்தது வரிசை வீடுகளில் ஒன்று. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்தில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூடிய சுவர். அந்தப் பக்கத்தில் யோகராணி அக்காவும் அவருடைய கணவர் அருள்நாயகமும் இருந்தார்கள். பதினைந்து வருடப் பழக்கம். அவசரத்துக்குப் பூட்டைத் திறக்க இந்த வீட்டுத் திறப்பு ஒன்று அங்கே ஆணியில் தொங்கும், அந்த வீட்டுத் திறப்பு ஒன்று இங்கே தொங்கும். துவக்கைப் பற்றி மட்டும் ஒரு சொல் வெளியே போகக்கூடாது என்று கஸ்பர் முதல் நாளே சொல்லிவிட்டார். இந்தப் பகுதியில் மாதத்துக்கு ஒரு சூட்டுச் செய்தி வரும். துவக்கு உள்ள வீடு என்று தெரிந்தால் கள்ளன் வருவான், இல்லாவிட்டால் பொலிஸ் வரும், இரண்டும் வராவிட்டால் கோயில் சனத்தின் கதை வரும். லைசென்ஸ் இருக்கிறதே என்று செலீன் சொல்லிப் பார்த்தாள். "லைசென்சைக் கழுத்தில தொங்கவிட்டுக்கொண்டு திரியப்போறீரே?" என்றார் அவர்.

செலீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். டோனாவும் அதே டிப்போவில் ஓட்டுகிறவள். ஐந்து வருடத்துக்கு முன்னர் ஒரு நவம்பரில் டோனாதான் சும்மா வா என்று கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு முழுக்கக் காட்டில் ஒருவரும் செலீனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு பிள்ளை கத்தவில்லை, தொலைபேசி அடிக்கவில்லை. திரும்பி வந்து பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்தாள். முதல் மானைச் சுட்டபோது அழுதாள். பிறகு அதை உரிக்கப் பழகினாள். அயலுக்குக் கொடுத்த இறைச்சியை, "டோனாவின்ர பண்ணை ஆடு" என்று சொல்லிக் கொடுத்தது கஸ்பர்தான்.

அவள் குசினியில் இருந்த சாப்பாட்டு மேசையில் பழைய துவாயை விரித்தாள். தோட்டா இல்லை என்று இன்னொரு முறை பார்த்து, போல்ட்டைக் கழற்றி ஒரு பக்கம் வைத்தாள். கஸ்பரின் கிழிந்த பனியனில் வெட்டிய துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தன. ஒன்றை மருந்தில் நனைத்துக் கம்பியில் கோர்த்துக் குழலுக்குள் விட்டாள். கறுப்பாக வந்தது. இன்னொன்று. அதுவும் கறுப்பு. ஐந்தாறு போனபிறகுதான் சாம்பல் நிறத்துக்கு வந்தது. கம்பியைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் தோள் சுண்டி இழுத்தது.

கதவு மணி அடித்தது.

கஸ்பர் அகப்பையோடு அப்படியே நின்றார். செலீன் பக்கத்துக் கதிரையில் கிடந்த படுக்கை விரிப்பை இழுத்து மேசைமேல் போட்டாள்.

"கஸ்பர், கதவைத் திறவும். நான்தான்."

யோகராணி அக்காவின் குரல். கஸ்பர் கதவை ஒரு சாண் திறந்து, "செலீன் படுத்திருக்கிறா அக்கா, சரியான களைப்பு" என்றார். அந்த ஒரு சாணுக்குள்ளால் யோகராணி உள்ளே வந்து, நேரே குசினிக்குப் போய், செலீனுக்கு எதிர்க் கதிரையை இழுத்து இருந்தார். வேலை உடுப்போடுதான் வந்திருந்தார். முதியோர் இல்லத்தின் பெயர் அட்டை நெஞ்சில் தொங்கியது. விரிப்பையும், அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியையும் ஒருமுறை பார்த்தார்.

"அடுப்பை நிப்பாட்டும் கஸ்பர். கருவாடு கருகுது."

கஸ்பர் அடுப்பை அணைத்தார்.

"எனக்குக் கன காலமாத் தெரியும்" என்றார் யோகராணி. "செலீன், நீர் விடியக் காருக்குள்ள அந்த நீட்டுப் பெட்டியை வைக்கிறதைப் பாத்தனான். நீங்கள் தந்தது ஆட்டிறைச்சி இல்லை எண்டும் தெரியும். ஆடு சமைக்கத் தெரியாத ஆளே நான்? அது உங்கட விருப்பம். நான் அதுக்கு வரேல்லை."

"பிறகென்னக்கா?"

யோகராணி பெயர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார், திரும்ப எடுத்தார்.

"உது பூட்டியோ வைக்கிறனீர்?"

"ஓம் அக்கா. பேஸ்மென்ற்றில இரும்புப் பெட்டி. தோட்டா வேற இடத்தில."

"பெட்டித் திறப்பு மடு மாதா படத்துக்குப் பின்னால. என்ன?"

செலீன் கஸ்பரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இடம் இந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கஸ்பர் அகப்பையைக் கழுவத் தொடங்கியிருந்தார். கழுவவேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

"எங்கட மனுசனுக்கு அதெல்லாம் தெரியும், செலீன். கோடைக்க கஸ்பர் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினவராம். நேற்று இரவுதான் எனக்குச் சொன்னவர்."

பிறகு யோகராணி மற்றதையும் சொன்னார். அருள்நாயகம் இருபது வருடத்துக்கு மேல் வேலைசெய்த சோபாத் தொழிற்சாலையைச் சித்திரையில் மூடிவிட்டார்கள் என்பது செலீனுக்குத் தெரிந்ததுதான். அவர் இரவில் நித்திரை கொள்வதில்லை என்பது தெரியாது. நல்ல குளிர்ச் சட்டையைக் கொண்டுபோய் யாரோ ஒரு பெடியனுக்குக் கொடுத்துவிட்டு வந்தது தெரியாது. பின்வளவில் தக்காளிப் பந்தலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "அடுத்த வருசம் ஆர் நடுறது?" என்று கேட்டது தெரியாது.

"இந்தக் கிழமை ரெண்டு தரம் கேட்டுப்போட்டார், செலீன் எப்ப வருவா எண்டு. ஏனப்பா எண்டு கேட்டால் பதில் இல்லை." யோகராணியின் குரல் உடையவில்லை. உடைவதற்கும் பலம் வேண்டும், அதுவும் இல்லாதவர் போல இருந்தார். "எனக்கு எப்பிடிக் கேக்கிறதெண்டு தெரியேல்லை. உங்கட வீடு, உங்கட சாமான். ஆனா அது கொஞ்சக் காலத்துக்கு இஞ்ச இருக்கவேண்டாம்."

செலீன் விரிப்பை எடுத்தாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை. கடைசித் துணியை எண்ணெயில் தோய்த்து இரும்பு முழுவதும் துடைத்து, போல்ட்டைத் தனியே ஒரு உறைக்குள் போட்டாள். யோகராணி அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறுப்போடு பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் காயம் கட்டுவதைப் பார்க்கிற பார்வை அது.

"இண்டைக்கே கொண்டுபோறன் அக்கா" என்றாள் செலீன். "டோனாவிட்ட. அவவின்ர பெட்டியில வைக்கலாம்."

"இப்பத்தானே அங்கயிருந்து வந்தனீர்?"

"பறவாயில்லை."

கஸ்பர் தான் ஓட்டுகிறேன் என்றார். துவக்கோடு லைசென்ஸ் உள்ள ஆள் இருக்கவேண்டும் என்பதால் செலீனும் போகவேண்டியிருந்தது. புறப்படமுன் பக்கத்து வீட்டில் தொங்கிய தங்கள் வீட்டுத் திறப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதைக் கேட்க இருவருக்கும் வாய் வரவில்லை. யோகராணி தானாகவே கொண்டுவந்து தந்தார். வெள்ளிக்கிழமை மாலை வாகன நெரிசலில் நெடுஞ்சாலை ஊர்ந்தது. கண்ணாடியைத் துடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கட்டடங்கள் முடிந்து வெறும் வயல் வந்தபிறகுதான் கஸ்பர் வாய் திறந்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு உமக்குச் சொல்லிப்போட்டு நான்தான்..."

"ஏன் காட்டினனீங்கள்?"

"பெருமைக்கு." அவர் வீதியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "என்ர மனுசி மான் சுடுவா எண்டு. நான் சொல்ல அருள் அண்ணை நம்பேல்லை. அதுக்குத்தான் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினனான்."

இந்த ஐந்து வருடமும் அவர் திரையை மூடும்போதெல்லாம், மனைவி துவக்குத் தூக்குவதை நினைத்து வெட்கப்படுகிறார் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். இப்போது கோபப்படவும் வேண்டும், சந்தோசப்படவும் வேண்டும். இரண்டுக்கும் அவளிடம் தெம்பு இல்லை. தலையைக் கண்ணாடியில் சாய்த்தாள்.

"அடுத்த சந்தியில இடக்கைப் பக்கம்" என்று மட்டும் சொன்னாள்.

டோனா விறாந்தை விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பக்கத்து வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை என்றதும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அவர்கள் கையில் சூடான தேநீரைத் தந்து அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை செலீன் பக்கத்து வீட்டுக்குப் போனாள். யோகராணி வேண்டுமென்றே மாடிக்கு ஏறிப்போய்விட்டார். அருள்நாயகம் முன்னறைச் சாய்வு நாற்காலியில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. முன்பு ஒரு நாளும் தாடியோடு அவரை அவள் கண்டதில்லை.

வழியில் யோசித்துக்கொண்டு வந்த எந்த வசனமும் உதவவில்லை. "அண்ணை, அது இப்ப எங்கட வீட்டில இல்லை" என்றாள். "நேற்றே கொண்டுபோய்ட்டன். இனி இஞ்ச வராது. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"ராணி சொன்னவளோ?"

"ஓம்."

"எல்லாரும் என்னை விசரன் எண்டு நினைக்கிறியள் என்ன?"

"இல்லை அண்ணை. பயப்பிடுறம்."

அவர் நாற்காலிக் கையின் துணியில் பிரிந்திருந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். அந்த நாற்காலி அவர் தொழிற்சாலையில் செய்தது, செலீனுக்குத் தெரியும்.

"புதன்கிழமை உங்கட வீட்டுக்குள்ள வந்தனான்" என்றார். "கஸ்பர் வேலைக்குப் போயிருந்தவர். கீழ இறங்கிப்போய் அந்த மாதா படத்துக்கு முன்னால நிண்டனான். நீர் துவக்கைக் கொண்டுபோயிருக்கிறீர், பெட்டி வெறும் பெட்டி. அதும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போய் நிண்டனான், செலீன். எவ்வளவு நேரம் நிண்டனெண்டு தெரியாது."

செலீனுக்கு மழையில்லாமல் இருந்து, மான் முதல் நாளே கிடைத்து, புதன்கிழமைக்கு முன்னரே அவள் வீடு வந்திருந்தால் என்ற நினைப்பு வந்தது. அதைத் தொடர்ந்து யோசிக்க அவளால் முடியவில்லை.

"இதை அப்பிடியே டொக்டரிட்டச் சொல்லுவியளோ அண்ணை?"

அவர் நூலை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்தார். பிறகு பாரம் இறக்கிய ஆளைப்போல ஒரு மூச்சு விட்டார்.

"இல்லாதது நல்லது" என்றார். "அங்க இல்லை எண்டு நீர் சொல்ல... நல்லது. நீரும் வருவீரோ?"

"வாறன். வெளிக்கிடுங்கோ."

"இப்பவோ?"

"இப்பவே."

டொக்டரின் கிளினிக் பூட்டியிருந்ததால் யோகராணியையும் கூட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போனார்கள். இருந்து இருந்து பொழுதுபட்டது. செலீன் சுவரில் தலை சாய்த்தபடி உறங்கிப்போனாள். யோகராணி தட்டி எழுப்பியபோது, அருள்நாயகத்தை வீட்டுக்கு விடாமல் உள்ளே மறித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. புதன்கிழமைக் கதையை அவர் தானாகவே சொல்லியிருக்கிறார். இங்கிலிசில் சொல் வராத இடத்தில் தமிழில் சொன்னாராம். யோகராணி மொழிபெயர்த்தாராம். அப்படியொரு மொழிபெயர்ப்பைத் தன் வாயால் செய்யவேண்டிவந்ததே என்றுதான் அவர் கார் தரிப்பிடத்தில் நின்று முதன்முறையாக அழுதார்.

மார்கழி நடுவில் அருள்நாயகத்தை வீட்டுக்கு விட்டார்கள். மருந்து அவரைத் தூங்கவைத்தது, கை நடுங்கவும் வைத்தது. சில நாட்கள் தாடி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்வந்தார். சில நாட்கள் கட்டிலால் இறங்கவில்லை. டொக்டர்மார் காலம் எடுக்கும் என்றார்கள். எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை. யோகராணி வேலையை விடமுடியாது. பகலில் அருள்நாயகம் தனியே இருக்கக்கூடாது.

காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பின்னேரப் பிள்ளைகளை ஏற்றும் வரைக்கும் செலீனுக்கு இடையில் நேரம் உண்டு. விடியமுன் எழும்புகிறவளுக்கு அதுதான் கண்ணயர்கிற நேரம். இப்போது அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்குப் போகிறாள். முதல் சில நாட்கள் எதையாவது கதைக்கவேண்டும் என்று கதைத்தாள். பிறகு அதையும் விட்டாள். அவர் தன் நாற்காலியில் இருப்பார், அவள் சோபாவில் இருப்பாள், வெளியே பனி கொட்டும்.

ஒருநாள் அவர் திடீரென்று, "காட்டில என்ன செய்வீர்? முழு நாளும்?" என்று கேட்டார்.

"ஒண்டும் செய்யிறேல்லை அண்ணை. குந்தி இருக்கிறதுதான்."

"அலுக்காதோ?"

"அலுக்கும். கால் விறைக்கும்."

அவர் அதை யோசித்துப் பார்ப்பவர் போலிருந்தார். சற்று நேரத்தில் தலை ஒரு பக்கம் சரிந்தது. மெல்லிய குறட்டை கேட்டது. செலீன் எழுந்து அவர் காலில் போர்வையை இழுத்துவிட்டாள். தன் தொலைபேசியில் பஸ்ஸுக்குப் போகிற நேரத்துக்கு மணி வைத்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சோபாவில் காலை நீட்டிக் கண்ணை மூடினாள்.