பழைய கோப்பே இருக்கட்டுமா?

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சுட்டது. அக்கா கை கழுவப் போன நேரம் பார்த்து அத்தான் சொன்னார்: "கதைக்கு வச்சுக்க. அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத." எழுத்தாளனிடம் ரகசியம் சொல்லும் அளவுக்குப் புத்திசாலி. அவரை நம்பித்தான் ஓர் ஆஸ்பத்திரியின் கணினிகள் ஓடுகின்றன.

2

முதல் தொடக்கம்: 'மருந்து அறையில் ஃபிரிட்ஜ் விம்மியது. அதன் கண்ணீர்—'

(வேண்டாம். ஃபிரிட்ஜ் விம்மாது, ஒழுகும்.)

இரண்டாவது: அத்தான் ஆஸ்பத்திரியின் லினக்ஸ் சர்வரில் அப்டேட் போட்டுக்கொண்டிருந்தார். பாதியில் அது நின்று கேட்டது: 'இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் கைவைத்து மாற்றியிருக்கிறீர்கள். பழையதே இருக்கட்டுமா, புதியதைப் போடட்டுமா, வித்தியாசத்தைக் காட்டட்டுமா?'

(அமைப்புக் கோப்பு என்பது, ஒரு நிரல் என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்த கோப்பு. புருஷன்மார்களுக்கும் ஒன்று இருந்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாள்.)

வித்தியாசம் பார்க்காமல் எதையும் மாற்றாதே என்று ஊருக்கே பாடம் எடுப்பவர் அத்தான். டீ ஆறுகிறதே என்று 'புதியது' என்று தட்டிவிட்டார்.

3

மருந்து ஃபிரிட்ஜ் சூடேறினால் யார் கைபேசிக்குச் செய்தி போக வேண்டும் என்பது அந்தக் கோப்பில்தான் இருந்தது. எண், மருந்து அறைக்குப் பொறுப்பான நர்ஸுடையது. அதாவது அக்காவுடையது. எழுதியவரும் அத்தான், துடைத்தவரும் அத்தான்.

ஃபிரிட்ஜ் கெட்டது. சர்வர் கடமை தவறவில்லை. புதிய கோப்பு சொன்னபடி, தனக்குள்ளேயே இருக்கும் நிர்வாகியின் அஞ்சல்பெட்டிக்கு எழுதித் தள்ளியது. நிர்வாகி அத்தான்தான். அந்தப் பெட்டியை அவர் திறந்ததே கிடையாது. குழந்தைகளுக்கான தடுப்பூசி மொத்தமும் குப்பைக்குப் போயிற்று.

4

"எனக்கு எந்த மெசேஜும் வரல சார்" என்றாள் அக்கா, விசாரணையில்.

"அனுப்பிட்டேன்னு சிஸ்டம் சொல்லுதேம்மா. சிஸ்டம் பொய் சொல்லுமா?" என்றார் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர்.

சிஸ்டத்தின் சொந்தக்காரர் பக்கத்து நாற்காலியில் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அக்கா கேட்டாளாம்: "ஏங்க, ஒருவேளை நாந்தான் பாக்காம விட்டுட்டேனோ?"

இங்கே அத்தானுக்கு நல்லதாக ஒரு வசனம் எழுதிப் பார்த்தேன். அவர் வாயில் ஒட்டவில்லை. "சரி விடு, ஆனது ஆச்சு" என்றாராம். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

5

பழைய கோப்பு அழியவில்லை. பெயருக்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டி, அக்காவின் எண்ணோடு சர்வர் அதை அங்கேயே பத்திரமாக வைத்திருக்கிறது. எடுத்துக் காட்டினால் அக்கா தப்புவாள், அத்தான் மாட்டுவார். காட்டாவிட்டால், நாளைக் காலை 'என் கவனக்குறைவே காரணம்' என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். வேலை போகும்.

(நீயே சொல்லலாமே என்கிறீர்களா? சொல்லத்தான் எழுதுகிறேன். அக்கா என் கதைகளைப் படிப்பதில்லை.)

முடிவை நான் எழுதப்போவதில்லை. அத்தான் காட்டட்டுமா, மூடிக்கொண்டு இருக்கட்டுமா? நீங்கள் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: சர்வர் கேட்கும்போது பதில் சொல்லாமல் வெறுமனே என்டர் தட்டினால், இருப்பதே இருக்கும். இங்கேயும் அப்படித்தான். நீங்கள் பேசாமல் பக்கத்தைப் புரட்டினால் அவரும் பேச மாட்டார்; அக்கா பேனாவை எடுப்பாள்.